நாற்பதாவது நிமிடத்தில் எழுதிய நான்கு சீட்டுகள்

1

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் முதல் கேள்வி, "சாப்பிட்டியா?" இரண்டாவது கேள்வி, "என்ன பாக்கலாம், சொல்லு." ஆரணியில் என்னோடு படித்தவர்கள், என் சித்தி, சித்தி வீட்டு மாடியில் குடியிருப்பவர்கள் வரை எல்லோருக்கும் நான் பெங்களூரில் இருப்பது இந்த ஒரு காரியத்துக்குத்தான். உண்மைக் குற்றங்களைப் பற்றிய ஆவணப்படங்களைப் பார்த்து, சொத்தையைத் தள்ளி, நல்லதாகப் பொறுக்கிப் பட்டியல் அனுப்ப வேண்டும். மென்பொருள் சோதிக்கும் வேலையெல்லாம் அவர்கள் கணக்கில் என் உபதொழில்.

போன புதன்கிழமை மதியம் அலுவலகத்தில் தயிர்சாத டப்பாவைத் திறந்தபோது ஒரு மெசேஜ் வந்தது. ஷீலா. ஒரு வருஷமாகப் பண்டிகை வாழ்த்தைத் தவிர வேறெதுவும் அனுப்பாதவள்.

"அபி, அந்தச் சீட்டுங்க இன்னும் உங்ககிட்ட இருக்கா?"

அதன் கீழே இன்னொன்று. "ஞாயித்துக்கிழமை எங்க முதல் கல்யாண நாள். சாப்பிட வரணும். அதுக்கு முன்னாடி இதுக்குப் பதில் சொல்லுங்க."

டப்பாவை மூடினேன். சீட்டுகள் இருந்தன. என் துணி அலமாரியில், சுடிதார்களுக்கு அடியில், பழைய பிளம் கேக் டப்பாவுக்குள் நான்கு சீட்டு. அதில் மூன்று சீட்டு, ஷீலாவின் கணவர் தன் சொந்தத் தங்கையைக் கொன்றவர் என்று சொல்லும். அந்த மூன்றில் ஒன்று என் கையெழுத்து. அப்படி யாரும் எழுதவில்லை என்று ஷீலாவிடம் போன வருஷம் தலையாட்டியவளும் நான்தான்.

இந்தக் குறிப்புகள் உங்களுக்காக. ஏனென்று போகப்போகத் தெரியும். என் பட்டியல் உங்களிடமும் இருக்கிறது.

2

பெங்களூர் வெளிநாடு இல்லை என்று அப்பா அடிக்கடி சொல்வார். பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாமாம். உண்மைதான். ஆனால் இங்கே வந்த முதல் மாதம் நான் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தை "கொத்தில்லா". தெரியாது. கன்னட கொத்தில்லா, வழி கேட்டால் தாரி கொத்தில்லா, தண்ணீர் வண்டி எப்போது வரும், கொத்தில்லா. வங்கியில், கேஸ் ஏஜென்சியில், ஆதார் முகவரி மாற்றும் கவுண்டரில், மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டபோதும் அதே வார்த்தை. நான்கு வருஷத்தில் கன்னடம் வந்துவிட்டது. அந்த வார்த்தையைச் சொல்லும்போது முதுகு கூனுவது மட்டும் போகவில்லை.

அதனால்தானோ என்னவோ, எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்த வார்த்தைக்குத் தடை போட்டேன்.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஈஜிபுராவில் நான் வாடகைக்கு இருக்கும் மூன்றாவது மாடி. ஞாயிறு மூன்று மணி. என் அலுவலக நண்பன் நவீன் அத்திபெலேயிலிருந்து பஸ்ஸில் வருவான். பக்கத்துத் தெரு ரோஸ்லின் அக்கா வருவார். கண்டோன்மெண்ட் பக்கம் மூன்று தலைமுறையாக இருந்த தமிழ்க் குடும்பம், பள்ளிக்கூட டீச்சர். வாரம் ஒரு படம். நாற்பதாவது நிமிடத்தில் நான் நிறுத்துவேன். அதற்குள் சந்தேகப்படவேண்டிய எல்லோரையும் காட்டிவிடுவார்கள், விடையைக் காட்டியிருக்க மாட்டார்கள். டீ, பஜ்ஜி, சண்டை. பிறகு ஆளுக்கொரு சீட்டில் யார் செய்தது என்று எழுதி, மடித்து, ரோஸ்லின் அக்கா கொண்டுவந்த கேக் டப்பாவில் போடவேண்டும். பிரித்துப் படித்த பிறகுதான் மீதிப் படம்.

ஒரே விதி. "தெரியாது" என்று எழுதக்கூடாது. யாரையாவது சொல்லியே ஆகவேண்டும். எழுதினால் அடுத்த வாரப் பஜ்ஜிக்கு வெங்காயம் நறுக்குவது அவர் வேலை.

எவ்வளவு நல்ல விதி என்று எனக்கு அப்போது பெருமை.

ரோஸ்லின் அக்காவின் மகள் ஜெனிட்டாவுக்குப் பதினான்கு வயது. அம்மாவைக் கூப்பிட வருகிறவள் வாசலிலேயே நிற்பாள். "மம்மி, நீங்கள்லாம் ரொம்ப க்ரீப்பி" என்பாள். அந்த அளவுக்குத் தமிழ் பேசினாலே அக்காவுக்குச் சந்தோஷம். தமிழ் படிக்கத் தெரியாது, தோழிகளிடம் கன்னடம், அம்மாவிடம் இங்கிலீஷ். ஒருநாள் அவள் காதிலிருந்து ஒரு ஹெட்போனைப் பிடுங்கிக் கேட்டேன். இரண்டு பெண்கள் இங்கிலீஷில் சிரித்துச் சிரித்து, போன வாரம் நாங்கள் பார்த்த அதே கொலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் மகளும் ஒரே பிணத்தை இரண்டு பாஷையில் பார்த்துக்கொண்டு, ஒரே வீட்டில், அதைப் பற்றி ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள்.

3

ஆல்பர்ட் அண்ணா எங்கள் கட்டடத்தில் முதல் மாடிக்குக் குடிவந்தவர். கோலார் தங்கவயல்காரர். லிஃப்ட் மெக்கானிக். பெரிய அபார்ட்மெண்டுகளில் லிஃப்ட் நின்றுவிட்டால் இருட்டுக் குழிக்குள் இறங்கிச் சரிசெய்கிறவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் தங்கவயல் தமிழ், எங்கள் ஆரணிக்குப் பக்கத்துத் தமிழ்தான், கேட்டதும் எனக்கு ஒட்டிக்கொண்டது.

குடிவந்த இரண்டாம் வாரம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். வாடகைக்கு வருபவரைத் தெரிந்த இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டிருந்தார். "இந்த ஊர்ல எனக்கு யார் மா தெரியும்? நீ போடு" என்றார். 'இவரை எனக்கு நன்றாகத் தெரியும்' என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே போட்டேன். இங்கே நாம் எல்லோரும் அப்படித்தான். எனக்கு ரோஸ்லின் அக்கா போட்டார், அக்காவுக்கு என்னைத் தெரிந்து அப்போது ஒன்பது நாள். யாரோ ஒருவர் நம்மைத் தெரியும் என்று சொல்லாவிட்டால் இந்த நகரத்தில் சாவி கிடைக்காது.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் அவரும் வந்தார். கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, படத்தைவிட எங்களைத்தான் அதிகம் பார்த்தார். அப்போது அதைக் கவனிக்கவில்லை. சீட்டில் எப்போதும் பெரும்பான்மை சொல்வதையே எழுதுவார். நவீன் கிண்டல் செய்வான், "அண்ணா காப்பி அடிக்கிறாரு குரு." குரு என்றால் பெங்களூர் 'மச்சி'.

நான்காவது மாதம், முதன்முதலாக அவரே ஒரு சிபாரிசு செய்தார். ஒரு தொடரின் மூன்றாவது பகுதி.

"இத்தப் பாத்துக்கீறீங்களா?"

"இல்லையேண்ணா. நல்லா இருக்குமா?"

"நீங்க பாத்துட்டு சொல்லுங்க."

4

மூடிப்போன சுரங்கங்கள் உள்ள ஏதோ ஓர் ஊர். ஊர் பெயரில்லை, ஆட்கள் பெயரை மாற்றியிருந்தார்கள், முகங்களை மங்கலாக்கியிருந்தார்கள். நர்சிங் படிக்கும் பத்தொன்பது வயதுப் பெண் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டைவிட்டுப் போகிறாள். செவ்வாய்க்கிழமை, வெள்ளை மண்மேடுகளுக்குப் பின்னால் தண்ணீர்க் குழியில் கிடைக்கிறாள். அப்பா இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அண்ணன் விடிகாலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய்வருகிறவன். திங்கள் சாயங்காலம்தான் அவன் புகார் கொடுக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவன் சட்டை ஒன்று கொடியில் காய்ந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். அந்தச் சட்டையைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். காற்றில் கை தூக்கித் தூக்கி ஆடும் வெள்ளைச் சட்டை. போலீஸ் அவனை விசாரித்து விட்டுவிடுகிறது. பிறகு கறுப்புத் திரையில் ஒரு வரி: 'சகோதரர் இந்தப் படத்துக்காகப் பேச மறுத்துவிட்டார்.'

நாற்பதாவது நிமிடம். நிறுத்தினேன். சட்டை திரையில் நின்றது.

"ரெண்டு நாள் குரு!" என்றான் நவீன். "தங்கச்சி காணோம்னா நான் ரெண்டு நிமிஷம் இருக்கமாட்டேன்."

"போன மாசம் உன் தங்கச்சி போன் எடுக்கலன்னு மூணு நாள் நீ கண்டுக்கவே இல்ல" என்றார் ரோஸ்லின் அக்கா.

"அவ ஹாஸ்டல்ல இருக்காக்கா. அது வேற."

"அந்தப் பையனும்" என்றார் ஆல்பர்ட் அண்ணா கதவோரத்திலிருந்து, "ஆம்பூர்ல அத்த வூட்டுக்குப் போயிருக்கும்னு நெனச்சிருக்கலாம்ல?"

நான் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். எனக்கு விவாதமென்றால் ரத்தம் சூடாகிவிடும். "அப்படீன்னா அதைக் கேமரா முன்னாடி வந்து சொல்லவேண்டியதுதானேண்ணா? ஏன் பேசமாட்டேங்கறான்?"

"பேசாம இருந்தா தப்பு பண்ணவனா?"

"அண்ணா, நான் இந்த மாதிரி எவ்வளவு பாத்திருக்கேன் தெரியுமா? தப்பு பண்ணாதவனால வாயை மூடிட்டு இருக்க முடியாது. கத்துவான். ஊரைக் கூட்டுவான். பேசாதவன்கிட்டதான் ஏதோ இருக்கு."

"ஓ" என்றார். டீயைக் குடித்தார். "சரிதான்."

இடைவேளையில் என் வழக்கம் ஒன்று உண்டு, உங்களுக்கே தெரியும். படம் பிடித்துவிட்டால் முடியும்வரை பொறுக்கமாட்டேன், ஊர்க் குரூப்பில் போட்டுவிடுவேன். அன்றும் போட்டேன். 'பார்க்கவேண்டிய பத்து, புதுப் பட்டியல். மூணாவது இடத்துக்கு இது. விடாம பாருங்க. அண்ணன்தான். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.' பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்று.

பிறகு சீட்டு. ரோஸ்லின் அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்தார். நவீன்: 'அண்ணன், நூறு பர்சென்ட்.' அக்கா: 'அண்ணன். பாவம்.' நான்: 'அண்ணன்', கீழே இரண்டு கோடு. நான்காவதை எடுக்கக் கையை நீட்டியபோது ஆல்பர்ட் அண்ணா எழுந்துவந்து டப்பாவின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"அது என்னோடது. இருக்கட்டும்மா."

"விதி விதிதான்ணா" என்றான் நவீன் சிரித்துக்கொண்டே.

"அந்த அண்ணன் நான்தான்" என்றார்.

எந்த மாடியில் லிஃப்ட் நிற்கிறது என்று சொல்கிற குரல். கோபம் இல்லை, நடுக்கம் இல்லை. டீ கிளாஸைச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவினார். குழாயை அழுத்தி மூடினார். கவிழ்த்து வைத்தார். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

"எனக்குக் கல்யாணம் பேசிக்கீது" என்றார் திரும்பிவந்து. "பொண்ணுகிட்ட இத்த சொல்லணும். அதுக்கு முன்னாடி, அது நான்னு தெரியாதவங்க பாத்தா இன்னா தோணும்னு பாக்கணும்னு இருந்தது. பாத்துட்டேன்."

செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். ரோஸ்லின் அக்கா நான்காவது சீட்டைப் பிரிக்காமல், மற்ற மூன்றையும் டப்பாவில் போட்டு மூடினார். சட்டை திரையிலேயே நின்றது. மீதி இருபது நிமிடத்தை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

5

ஆரணியில் எங்கள் தெருவில் டெய்லர் குமரேசன் இருந்தார், ஞாபகமிருக்கிறதா? அவர் மனைவி ஒருநாள் இல்லை. அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார். ஒரு மாதம் ஆனது. பஸ் ஏறியதை யாரும் பார்க்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். பின்பக்கக் கிணற்றை இறைத்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததே தெருவுக்குப் போதுமான சாட்சியாகிவிட்டது, எவ்வளவு கெட்டிக்காரன் பார் என்று.

நானும் அம்மாவும் போனோம். தைக்கக் கொடுத்த இரண்டு ரவிக்கைத் துணியை அம்மா திருப்பிக் கேட்டாள். "அவசரமில்லீங்க, அப்புறம் தைச்சுக்கறேன்." அவர் துணியை நான்காக மடித்து, அளவு ரவிக்கையை மேலே வைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். அடுத்த வாரம் கடை பூட்டியிருந்தது. எங்கள் தெருவில் அப்போது யாரும் ஒரு டாக்குமெண்டரியும் பார்த்ததில்லை. சீட்டு எழுதாமலே தீர்ப்பு வந்துவிட்டது.

போன வாரம் அம்மாவிடம் போனில் கேட்டேன். அந்தப் பொண்டாட்டி திரும்பி வந்தாளா?

"யாருக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "சரி, இந்த வாரம் என்ன பாக்கலாம்?"

6

ஆல்பர்ட் அண்ணாவுக்குப் பேசியிருந்த பெண்தான் ஷீலா. பொம்மனஹள்ளிக்காரி. கார்மெண்ட்ஸில் தரம் பார்க்கும் வேலை. தைத்துவரும் சட்டைகளை வெளிச்சத்தில் பிடித்து, விட்டுப்போன தையலைக் கண்டுபிடித்து ஒதுக்குவாள். அவர்கள் கத்தோலிக்கர்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்கவேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று பூசையில் எல்லோருக்கும் கேட்கப் படிப்பார்கள்.

முதல் ஓலை வாசித்தாகிவிட்டது என்று ஆல்பர்ட் அண்ணா மாடிப்படியில் சொன்னார். அதற்குள் எங்கள் ஞாயிறு நின்றுவிட்டிருந்தது. ஆனால் மூன்று பேரும் கூடினோம், படமில்லாமல்.

"ஓலை வாசிக்கிறதே இதுக்குத்தானே?" என்றார் ரோஸ்லின் அக்கா. அவர் வேறு சபை என்றாலும் அவர்களிடமும் அந்த வழக்கம் உண்டு. "ஒரு பொண்ணு போய் அந்த வீட்ல வாழப்போகுது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஃபாதர்கிட்ட போய் என்னன்னு சொல்லுவீங்க?" நவீன் குரல் உயர்ந்தது. "நாப்பதாவது நிமிஷத்துல தெரிஞ்சுதுன்னா? போலீஸே விட்டுட்டாங்க."

"போலீஸ் விட்டா செய்யலன்னு அர்த்தமா?"

"செய்தாருன்னு அர்த்தமா? அபி, நீ சொல்லு."

நானா? எதற்கும் ஒரு கருத்து வைத்திருக்கிற நான் அன்றைக்குப் பஜ்ஜி மாவுப் பாத்திரத்தின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவர் கிளாஸைக் கழுவிய விதம் ஞாபகம் வந்தது. குற்றமில்லாதவன் அப்படிக் கழுவுவானா? குற்றவாளி அப்படிக் கழுவுவானா? எல்லாப் படத்திலும் அந்த இடத்தில் பின்னணி இசை வந்து எனக்குச் சொல்லிவிடும். இங்கே குழாய்ச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

கடைசியில் மூன்றாம் ஓலைக்கு நானும் ரோஸ்லின் அக்காவும் போனோம். சொல்லவா, சும்மா பார்க்கவா, போகும்போதுகூட முடிவாகவில்லை. வெயிலேறிய காலை. ஃபாதர் கன்னடத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை படித்தார். 'தடை ஏதாவது அறிந்தவர்கள்' என்று சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பினார். அந்த இடைவெளி மூன்று வினாடிகூட இருக்காது. நான் எழவில்லை, அக்காவும் எழவில்லை. பிறகு அடுத்த அறிவிப்பு, தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றி.

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பெண் எங்களை நோக்கி வந்தாள். மெலிந்த முகம், கூர்மையான கண். பின்னால் தூரத்தில் ஆல்பர்ட் அண்ணா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்கதானே அபி? அவரு எல்லாத்தையும் சொன்னாரு. தங்கச்சி விஷயம், போலீஸ், எல்லாம்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் படத்தைப் பாத்துட்டு, ஆள் யாருன்னு தெரியாமலே, நீங்க மூணு பேரும் அண்ணன் இல்லன்னு எழுதினீங்களாமே. அதைக் கேட்டப்புறந்தான் எங்க அம்மா சம்மதிச்சாங்க. ரொம்ப தேங்க்ஸ்."

அவ்வளவு பெரிய விஷயத்தை மறைக்காமல் சொன்னவர், இந்தச் சின்ன விஷயத்தில் பொய் சொல்லியிருந்தார். ஏன்? பயமா? அல்லது இவ்வளவு துல்லியமாக எந்த இடத்தில் பொய் சொல்லவேண்டும் என்று தெரிந்த ஆளா?

ரோஸ்லின் அக்கா என்னைப் பார்த்தார். ஷீலா என் கையை விடவில்லை.

நான் தலையாட்டினேன். ஆமாம் என்று.

7

நேற்று வெள்ளிக்கிழமை. எனக்கு வீட்டிலிருந்து வேலை. 'இருக்கு' என்று புதன்கிழமையே பதில் போட்டிருந்தேன். 'அவரு டூட்டிக்குப் போனதும் வரேன்' என்று வந்தது. பதினொரு மணிக்கு ஷீலா வந்தாள். அரை நாள் லீவு. கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் பொம்மனஹள்ளிக்கே குடிபோய்விட்டார்கள். இந்த வீட்டுக்கு அவள் வருவது இதுதான் முதல்முறை. கதவோர நாற்காலியில், அதே நாற்காலியில், உட்கார்ந்தாள். தண்ணீர் வேண்டாம் என்றாள்.

"எங்க லைன்ல லஞ்ச் டைம்ல பொண்ணுங்க போன்ல ஒரு படம் பாத்தாங்க. யாரோ ஃபார்வர்ட் பண்ண லிஸ்ட்டாம். பாக்கவேண்டிய பத்து. அதுல மூணாவது."

என் பட்டியல்தான்.

"அதைப் பாக்கவேண்டாம்னு அவரு முதல்லயே கேட்டுக்கிட்டாரு. நானும் பாக்கல. ஆனா பக்கத்துல ஓடுது, என்ன பண்ணுவேன்? பாத்தேன். பதினாலு பேரு உக்காந்து பாத்தோம். அவங்க யாருக்கும் தெரியாது, அது எங்க வீட்டுக்காரருன்னு. முடியறதுக்கு முன்னாடியே பதிமூணு பேரும் சொல்லிட்டாங்க, அண்ணன்தான்னு. அந்த லிஸ்ட்லயே அப்படித்தான் போட்டிருந்துதாம்." கைப்பையை மடியில் இழுத்து வைத்தாள். "பதிமூணு பேருக்கு ஒரே மாதிரி தோணும்போது, உங்க மூணு பேருக்கு மட்டும் எப்படி வேற மாதிரி தோணுச்சுன்னு யோசிச்சேன். ஒரு வாரமா யோசிக்கிறேன்."

"கடைசியில என்ன சொல்றாங்க?" அந்த நிலையிலும் கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. வழக்கு இன்னும் முடியலன்னு எழுத்து போட்டு முடிச்சுட்டாங்க. டப்பாவை எடுங்க."

எடுத்துவந்து வைத்தேன். அவளே பிரித்தாள். நவீனுடையது. ரோஸ்லின் அக்காவுடையது. என்னுடையதை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கோட்டையும் நகத்தால் தடவினாள். சட்டைத் தையலை இப்படித்தான் தடவுவாள் போல.

"நீங்களும்" என்றாள்.

"ஷீலா, அன்னைக்கு நான்..."

"எங்க வீட்ல ஒரு பேப்பர் இருக்கு. பழைய வீட்டு அக்ரிமெண்டோட. இவரை எனக்கு நன்றாகத் தெரியும்னு நீங்க கையெழுத்துப் போட்டது." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "எதை நம்பறது நான்? அதையா, இதையா, நீங்க தலையாட்டினதையா?"

அவள் நான்காவது சீட்டை எடுத்தாள்.

"இது?"

"அவரோடது. நாங்க பிரிக்கல."

ஒரு வருஷமாக மடித்தே கிடந்ததால் மடிப்பு விறைத்திருந்தது. மெதுவாகப் பிரித்தாள். படித்தாள். மேசையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தாள். லிஃப்ட் பலகைகளில் எழுதுவதுபோலப் பட்டையான எழுத்து.

'தெரியாது.'

எங்கள் வீட்டில் எழுதக்கூடாத வார்த்தை. நான்கு மாதமாக எங்கள் விதிப்படியே எழுதிவந்த மனிதர் அன்றைக்கு மட்டும் அதை மீறியிருந்தார்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றாள் ஷீலா. "நீங்க நிறைய பாத்திருக்கீங்க. சொல்லுங்க."

இரண்டு பதில் ஒரே நேரத்தில் வந்தன. தங்கையை யார் கொன்றது என்று செய்யாத அண்ணனுக்குத் தெரியாது. அவன் வேறென்ன எழுதுவான்? செய்த அண்ணனும் சீட்டை யாராவது பிரிப்பார்கள் என்று தெரிந்து அதையேதான் எழுதுவான். இரண்டும் பொருந்தின. எந்தப் பக்கம் இழுத்தாலும் துணி சரியாக வந்தது.

"தெரியாது, ஷீலா" என்றேன்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

அவள் போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு எடுத்தாள். "சொல்லுங்க... இல்லங்க, ஃபேக்டரியிலதான் இருக்கேன். மெஷின் சத்தம் கேக்கலையா? இப்ப பிரேக்." சிரித்தாள்கூட. "சரி, மட்டன் நானே சொல்லிடறேன்." வைத்தாள். இவ்வளவு இயல்பாகப் பொய் சொல்ல அவள் எப்போது பழகினாள் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் அது தோன்றியிருக்கவேண்டும். போனைத் திரை தெரியாமல் மேசையில் கவிழ்த்தாள்.

"உங்ககிட்ட கோபமா ஏதாவது?" என்று கேட்டேன். "அடிக்கிறது, மிரட்டறது..."

"ஒரு வார்த்தை அதிர்ந்து பேசினதில்ல. தினமும் டீ கிளாஸைக்கூட அவரே கழுவி வெச்சுடுவாரு." எழுந்தாள். நான்கு சீட்டையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை மூணு பேரும் வாங்க. சாப்பிட்டு முடிச்சதும் இதை அவரு முன்னாடி வைக்கப்போறேன். ஏன் பொய் சொன்னீங்கன்னு கேக்கப்போறேன். அதை மட்டும்தான். அதுக்கு அவரு என்ன சொல்றாருன்னு பாத்துட்டு, அந்த வீட்ல இருக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவேன்." வாசலில் நின்று திரும்பினாள். "அப்போ நான் தனியா இருக்கக்கூடாது."

8

இன்று சனிக்கிழமை சாயங்காலம். ரோஸ்லின் அக்கா வருகிறார். ஜெனிட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதாகச் சொன்னார், அவர் குரலே சரியில்லை. நவீன் முதலில் வரமாட்டேன் என்றான், பிறகு எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பட்டியலை அழித்துவிடுங்கள். நான் ஊர்க் குரூப்பில் போட்டதை நான் அழித்துவிட்டேன், ஆனால் அது எங்கெங்கோ போய்விட்டது. ஆரணியில் யாரோ ஒருவர் கையிலிருந்து பொம்மனஹள்ளியில் ஒரு தையல் வரிசைக்கு எப்படிப் போனதென்று எனக்குத் தெரியாது. யாராவது கேட்டால், அண்ணன்தான் என்று சொன்னவள் படத்தைப் பாதிதான் பார்த்தாள் என்று சொல்லுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் மின்னியது. ஆல்பர்ட் அண்ணா. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர் எனக்கு எழுதிய முதல் மெசேஜ்.

"நாளைக்கு மூணு பேரும் வரீங்கன்னு ஷீலா சொல்லிச்சு. ரொம்ப சந்தோஷம்மா. சாப்டுட்டு பழைய மாதிரி ஒண்ணு பாக்கலாம். அதே சீட்டு, அதே டப்பா. டப்பாவை மறக்காம எடுத்துனு வா."

படித்துவிட்டேன் என்று அவருக்கு நீலக் குறி காட்டியிருக்கும். அடுத்தது வந்தது.

"என்ன பாக்கலாம், நீயே சொல்லு."